பிடில் கொடுத்த பரீட்சை

பதினெட்டாம் நூற்றாண்டு முடிகிற தறுவாயில், சென்னைக்கு வடக்கே மணலியில் செல்வாக்குடன் வாழ்ந்த முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்த ராமஸ்வாமி தீட்சிதரின் பிள்ளைகள், அக்குடும்பத்தாரின் தயவால் ஜார்ஜ் கோட்டைக்குப் போய்க் கும்பினிப் பட்டாளத்தின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பைப் பெற்றிராவிட்டால், இன்று நம் கச்சேரி மேடையில் பாடகருக்கு இடப்பக்கத்தில் எந்த வாத்தியம் அமர்ந்திருக்கும் என்று சொல்வது எளிதன்று. மூத்தவரான முத்துஸ்வாமி தீட்சிதர் அங்கே கேட்ட மெட்டுகளை மனத்தில் வாங்கிக்கொண்டு, அவற்றுக்கு ஸம்ஸ்கிருத ஸாகித்யம் அமைத்தார். இளையவரான பாலுஸ்வாமி தீட்சிதரோ மெட்டுகளோடு நில்லாமல் அவற்றை வாசித்த கருவியின் மேலேயே ஆசை கொண்டு, ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்கத் தொடங்கினார். தமையனார் இயற்றியவற்றை நோட்டுஸ்வர ஸாகித்யங்கள் என்று இன்றும் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சுமார் நாற்பது உருப்படிகள் உள்ள அந்தத் தொகுதியில் இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டும் உண்டு. அதைவிட நமக்கு இங்கே முக்கியமானது, அயர்லாந்து, ஸ்காட்லாந்து தேசங்களின் கிராமத்து ஆட்ட மெட்டுகளும் அதில் கலந்திருக்கின்றன என்பது. ஆகையால் பிடில் நம் நாட்டுக்குள் வந்தபோது வித்வத் சபைக்குரிய மிடுக்கோடு மட்டும் வரவில்லை. பட்டாளத்துக்காரர் பொழுதுபோக்குக்கு வாசிக்கும் நாட்டுப்புற வாத்தியமாகவும் வந்தது. வந்த இடத்தில் அது ஒரு பரீட்சை கொடுத்தது. அந்தப் பரீட்சையின் கதையையும், பின்னாளில் அதே பிடிலைக் கையில் ஏந்தி இளைஞர்கள் கொடுக்க நேர்ந்த பரீட்சைகளின் கதையையும், அந்தப் பரீட்சைகளின் வாசலில் வெகுகாலம் காத்து நின்ற வேறு சில வாத்தியங்களின் கதையையும் சேர்த்துச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவி கொடுத்த பரீட்சை இன்னதென்று தெளிவாகச் சொல்லிவிடலாம். நம்முடைய சங்கீதத்தில் ஸ்வரம் என்பது ஓரிடத்தில் நிற்கும் புள்ளியன்று; ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கியும் அசைந்தும் சென்று, போகிற வழியிலேயே ராகத்தின் முகத்தைக் காட்டுவது. அந்தக் கமகத்தைத் தாங்காத கருவி எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் நமக்கு அந்நியமே. பிடிலின் கழுத்தில் வீணைக்கு இருப்பதுபோல மெட்டுகள் கிடையா. விரல் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், எங்கிருந்தும் எங்கும் இழையலாம். வில்லின் நீளம் உள்ளவரை நாதமும் அறாமல் தொடரும். வீணையில் மீட்டிய நாதம் சிறிது நேரத்தில் தேய்ந்துபோகிறது. புல்லாங்குழலுக்கு ஊதுபவரின் மூச்சே எல்லை. வில் வாத்தியம் மட்டும் பாடகரின் குரலை அடியொற்றி அவர் நிறுத்தும் இடம் வரையில் கூடவே போக வல்லது. நம்மவர்கள் அதைத் தம் வழிக்குக் கொண்டுவரச் சில மாறுதல்கள் செய்தார்கள். நின்றுகொண்டு மோவாயின் கீழ் இடுக்கி வாசிப்பதை விட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்து, பிடிலின் சுருள்தலையை வலக்கால் கணுக்காலின் அருகே ஊன்றி, மறுமுனையை மார்பில் சாய்த்துக்கொண்டார்கள். அப்படிச் செய்ததும், கருவியைத் தாங்கும் வேலையிலிருந்து இடக்கை முழுதும் விடுபட்டு, தந்தியின் மேலும் கீழும் தாராளமாக ஓடுவதற்குச் சுதந்திரம் பெற்றது. நான்கு தந்திகளையும் ஐரோப்பிய முறையில் வெவ்வேறு ஸ்வரங்களாக வைக்காமல், ஸட்ஜம், பஞ்சமம், மீண்டும் ஸட்ஜம், பஞ்சமம் என்று பாடகரின் சுருதிக்கு இணங்கக் கூட்டினார்கள். மரமும் தந்தியும் வில்லும் மேல்நாட்டில் இருந்தபடியே இருக்க, உட்காரும் விதமும் சுருதி சேர்க்கும் விதமும் மட்டும் மாறி, அந்நியக் கருவி ஒன்று இரண்டு தலைமுறைக்குள் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

பாலுஸ்வாமி தீட்சிதர் பின்னர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக விளங்கினார். தஞ்சை நால்வரில் ஒருவராகிய வடிவேலு திருவனந்தபுரத்தில் ஸ்வாதித் திருநாள் மகாராஜாவின் ஆதரவைப் பெற்று, அவரிடமிருந்து தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசாகப் பெற்றார் என்பது பிரசித்தமான செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரும், அடுத்து மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையும் தலையெடுத்த பிறகு, பிடில் இல்லாத கச்சேரி என்பது நினைத்துப் பார்க்கவும் அரிதாயிற்று.

கலைஞரைச் சோதித்து அங்கீகரிக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஐந்து வயதில் கற்கத் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் ஏறி ஆடிய மாதவி, தலைக்கோற்பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பரிசும் பெற்றதைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை விரித்துரைக்கிறது. அக்காதையில் என் கவனத்தைப் பெரிதும் கவர்வது மாதவியின் வெற்றியன்று. அவளைச் சூழ நின்ற குழலாசிரியன், யாழாசிரியன், தண்ணுமை முழக்குவோன் ஆகிய ஒவ்வொருவனுக்கும் இன்னின்ன இலக்கணம் வேண்டுமென்று இளங்கோவடிகள் பொறுமையாக வகுத்துச் சொல்லிச் செல்லும் அழகேயாகும். வாத்தியக்காரனைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு முறை இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் பிடில்காரருக்கு வாய்த்த பரீட்சை ஒரு தனிவகை. பாடகர் இன்று என்ன பாடப்போகிறார் என்பதை முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் பெரும்பாலும் இல்லாத மேடையில், அபூர்வ ராகம் ஒன்றை அவர் திடீரென்று எடுத்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர் அதைக் கேட்டபடியே நிழல்போல் பின்தொடர வேண்டும். ஆலாபனை முடிந்ததும் தமக்குரிய முறை வரும்போது அதே ராகத்தைத் தம் கற்பனையில் வாசிக்க வேண்டும். கல்பனாஸ்வரத்தில் கணக்குத் தவறாமல் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவையும் செய்துவிட்டுப் பாடகரை மிஞ்சிவிட்டார் என்ற பெயரும் எடுக்கக் கூடாது. ஆயிரம் பேர் முன்னிலையில் இரண்டு மூன்று மணிநேரம் நடக்கும் இந்தச் சோதனைக்கு ஒப்பானதை வேறு எந்தக் கலையிலும் காண்பது அரிது. இளம் பிடில்காரர் ஒருவர் ஒரு பெரிய வித்வானுக்குப் பக்கவாத்தியம் வாசித்து நல்ல பெயர் எடுத்தால் அதுவே அவருக்குப் பட்டம்; மதிப்பெண் பட்டியலோ கடிதமோ தேவைப்படவில்லை.

கல்லூரிகள் தோன்றிய காலத்தில் இந்த நிலை மாறத் தொடங்கிற்று. விஜயநகரத்தில் மகாராஜாவின் சங்கீதக் கல்லூரி 1919-இல் ஏற்பட்டபோது, அங்கே மாணவராகச் சேரும் எண்ணத்தோடு போன துவாரம் வேங்கடசாமி நாயுடுவின் வாசிப்பைக் கேட்ட கல்லூரித் தலைவர் ஆதிபட்ல நாராயண தாசர், அவரை மாணவராகச் சேர்த்துக்கொள்வதற்குப் பதிலாக ஆசிரியராகவே அமர்த்திவிட்டார் என்ற வரலாற்றைச் சங்கீத ரசிகர்கள் இன்றும் சுவையோடு சொல்வார்கள். அப்போது நாயுடுவுக்கு வயது இருபத்தாறு. சேர்க்கைக்கான சோதனை இவ்வளவு இன்பமாக முடிந்தது வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. சென்னையிலோ 1928-இல் சங்கீத வித்வத் சபையும், 1949-இல் முசிறி சுப்பிரமணிய ஐயரைத் தலைவராகக் கொண்டு அரசாங்கத்தின் கர்நாடக சங்கீதக் கல்லூரியும் தோன்றின. குருவின் வீட்டு வாசலில் தண்ணீர் சுமந்து காத்திருந்து கற்ற வித்தைக்கு விண்ணப்பப் படிவமும் நேர்முகத் தேர்வும் வந்து சேர்ந்தன.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாறுதலைக் கொண்டுவந்தது வானொலி. 1924-இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் சிறிய அளவில் ஒலிபரப்பைத் தொடங்கி, பணமுடையால் சில ஆண்டுகளில் நிறுத்திவிட, அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட நகராட்சி மன்றம் 1930-இல் மாலை வேளைகளில் ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16-ஆம் தேதி எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. நான் இதை எழுதும் செம்பாக்கம் அப்போது ஏரிப் பாசனத்தை நம்பிய சிற்றூர். ஆனால் மேற்கே சிறிது தூரத்தில் தாம்பரத்து ரயிலடி இருந்தது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931-இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆகவே இந்தப் பக்கத்து இளைஞன் ஒருவன் பிடில் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தாம்பரத்தில் ரயிலேறினால், எழும்பூரில் இறங்கி நடந்தே நிலையத்தின் வாசலை அடைந்துவிடலாம். தென்சென்னைப் புறநகர்களில் சங்கீதம் பரவியதற்குக் காரணம் தேடுகிறவர்கள் சபாக்களின் பெயர்களையே அடுக்குவார்கள். என் அபிப்பிராயத்தில் அதில் பாதிப் பெருமை அந்த மஞ்சள் விளக்கு எரிந்த ரயில் பெட்டிகளுக்குச் சேர வேண்டும்.

1952-இல் மத்திய அரசில் செய்தி ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், வானொலியில் பாடவும் வாசிக்கவும் விரும்பும் யாவரும் குரல்தேர்வு என்னும் ஆடிஷனுக்கு உட்பட வேண்டும் என்ற ஏற்பாட்டை உறுதியாக நடைமுறைப்படுத்தினார். நிலையத்தில் ஒரு குழு, டில்லியில் அதற்கு மேல் ஒரு குழு என்று இரண்டு படிகள். நடுவர்கள் வேறோர் அறையில் அமர்ந்து, வாசிப்பவர் இன்னாரென்று காணாமலும் பெயர் அறியாமலும், ஒலிபெருக்கியின் வழியே கேட்டுத் தரம் நிர்ணயித்தார்கள். பல்லாண்டுகளாகப் புகழோடு விளங்கிய வித்வான்களையும் புதுமுகங்களோடு வரிசையில் நிறுத்துவதா என்று பம்பாயில் கலைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களுடைய மனக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும், சிபாரிசுக் கடிதமும் உறவுமுறையும் குலப்பெருமையும் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கேட்காது என்ற ஒரு நன்மைக்காக அந்த முறையை நான் குறை சொல்லத் துணியமாட்டேன். விசித்திரம் என்னவென்றால், அதே 1952-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஸிம்பொனி வாத்தியக் குழுவும் திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொல்லி ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டது. அங்கே திரையையும் மீறிக் காலணியின் ஒலி வாசிப்பவர் ஆணா பெண்ணா என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டதென்றும், அதனால் காலணியைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்களென்றும் ஒரு கதை வழங்குகிறது. வாத்தியத்தைத் தொடுமுன் செருப்பை வாசலிலேயே விட்டுவிடும் நம் நாட்டில் அந்தச் சங்கடத்துக்கு இடமே ஏற்பட்டிராது.

வாசிக்கப் போகிறவனின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். தனக்குப் பாடமான ராகங்களையும் கீர்த்தனங்களையும் பட்டியலாக எழுதிக் கொடுத்திருக்கிறான். அவற்றுள் எதைக் கேட்பார்கள் என்பது தெரியாது. கனத்த கதவு சாத்திக்கொண்டதும் வெளி உலகத்துச் சத்தம் முழுதும் அற்றுப்போகிறது. சுவர்கள் எதிரொலியை விழுங்கிவிடுவதால், வீட்டுக் கூடத்தில் நிறைந்து முழங்கிய தன் பிடில் இங்கே மெலிந்து ஒலிப்பதுபோல் அவனுக்குத் தோன்றுகிறது. வில்லில் குங்கிலியம் சிறிது அதிகமாகிவிட்டால் அதன் கரகரப்பைச் சபையில் யாரும் கவனிக்கமாட்டார்கள். மைக்கோ அதைத் தப்பவிடாது. தலையாட்டி ‘பேஷ்’ சொல்ல ரசிகர் ஒருவரும் இல்லை; பின்தொடர்வதற்குப் பாடகரும் இல்லை. நிழலாயிருந்தே பழகிய கருவியைத் தனியே நிறுத்தி, உன் உருவத்தைக் காட்டு என்று கேட்பதே அந்தச் சில நிமிஷத்துப் பரீட்சை. பிறகு வீட்டுக்குத் திரும்பி, ‘பி’ என்றோ ‘பி-ஹை’ என்றோ தரம் குறித்துத் தபாலில் வரும் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

பிடில் எளிதாகத் தேறிய இந்த வாசலில் ஹார்மோனியம் தோற்றுப்போனதை இங்கே மறக்கக் கூடாது. இரண்டும் கடல் கடந்து வந்தவை. இரண்டையும் நம்மவர் தரையில் உட்கார்ந்து வாசிக்கத்தக்கவாறு மாற்றிக்கொண்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்து நாடக மேடையில் ஹார்மோனியக்காரருக்கு இருந்த ஸ்தானம் சாமானியமானதன்று. நாடக நடிகர் கிட்டப்பாவின் பாட்டோடு அவருடைய தமையனார் காசி ஐயரின் ஹார்மோனியத்தையும் சேர்த்தே கேட்டு ஜனங்கள் சொக்கினார்கள். ஆயினும் அதன் கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரத்தை மட்டுமே பேசும். கமகம் என்பது அதற்கு எட்டாத கனி. இந்தக் காரணத்தைக் காட்டி 1940 மார்ச்சு முதல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கிவைத்தது. டில்லி நிலையத்தில் மேல்நாட்டு சங்கீதப் பகுதியை நடத்திய ஜான் பவுல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் அதைக் கண்டித்து எழுதியிருந்தார். ரவீந்திரநாத தாகூரும் அதை விரும்பாதவர். 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. ராக லட்சணத்தை முன்னிட்டுச் செய்த தீர்ப்பு, ராக லட்சணத்தைப் பற்றிக் கவலைப்படாத தெருக்கூத்துக்காரனையும் நாடகக்காரனையும் சேர்த்துத் தண்டித்துவிட்டது. அவனுக்கு ஹார்மோனியம் சுருதிப்பெட்டியும் மெட்டும் குரலுக்கு ஆறுதலும் ஆகிய எல்லாமும் அல்லவா?

தொண்டைநாட்டின் இந்தப் பகுதியில் ஆடி மாதத்து அம்மன் திருவிழாவுக்குப் பம்பையும் உடுக்கையும் இல்லாமல் வர்ணிப்புக் கிடையாது. பாரதக் கூத்து விடியும் வரை நடக்கும். இறப்புக்கும் திருவிழாவுக்கும் பறை முழங்கும். இந்தக் கலைஞர்களுக்கும் பரீட்சை உண்டு. அதை நடத்துவது ஊர். அம்மன் யார்மேலாவது வந்து இறங்கும்படி பம்பைக்காரர் வர்ணிக்க வேண்டும்; இறங்கவில்லையென்றால் அடுத்த வருஷம் வேறு கூட்டத்துக்கு வெற்றிலை பாக்கு போகும். கூத்தாடியின் குரல் மைக் இல்லாத காலத்திலும் கடைசி வரிசையில் போர்வைக்குள் தூங்கும் கிழவரை எழுப்ப வேண்டும். பிற்காலத்தில் வானொலி கிராமிய இசைக்கும் தேர்வு வைத்துத் தரம் பிரிக்கத் தொடங்கியபோது, விடிய விடிய நடப்பதைச் சில நிமிஷங்களில் அடக்கிக் காட்ட வேண்டியவர்கள் இவர்களானார்கள். ஒரு சிறு விஷயத்தைச் சொன்னால் அந்தச் சங்கடம் விளங்கும். பறையை வாசிக்குமுன் வைக்கோலையோ ஓலையையோ கொளுத்தி, அந்த அனலில் தோலை வாட்டி, விரலால் தட்டிப் பார்த்து, நாதம் ஏறிய பிறகுதான் அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் கையில் எடுப்பார்கள். பிடில்காரன் பிருடையைத் திருகிச் சுருதி சேர்ப்பதற்கு எந்த ஸ்டூடியோவிலும் ஆட்சேபமில்லை. பறைக்காரர் சுருதி சேர்க்கத் தீ மூட்டுவதற்கோ அங்கே இடமேது?

தனித்தனியே வாசிப்பவர்களைக் கூட்டமாகச் சேர்க்கும் முயற்சியும் இதே காலத்தில்தான் எழுந்தது. 1952-இல் டில்லியில் வானொலியின் வாத்திய விருந்தா அமைக்கப்பட்டபோது, ஹிந்துஸ்தானிப் பகுதிக்கு ரவிசங்கரும் கர்நாடகப் பகுதிக்குப் பிடில் வித்வான் டி.கே. ஜெயராம ஐயரும் பொறுப்பேற்றார்கள். தத்தம் பாணியில் ஊறிய பிடில்காரர்கள் பலரை ஒரே வில்லாக இழுக்கச் செய்வது எத்தனை சிரமம் என்பதை வாசித்துப் பழகியவர்கள் அறிவார்கள். தனித்து ஜொலிப்பவனைவிடப் பக்கத்தவனோடு இழைந்துவிடுபவனே அங்கே வேண்டியவன். சென்னையில் எழுபதுகளில் எம்.பி. ஸ்ரீநிவாசன் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நிறுவி, பல மொழிகளின் பாடல்களையும் கிராமிய மெட்டுகளையும் பல குரல் இயைபில் பாடவைத்தார். அவர் பெரிதும் நம்பியது தொழிற்பாடகர்களையன்று, கூடிப் பாட மனமுள்ள சாதாரண இளைஞர்களை. 1988-இல் லட்சத்தீவுக்குச் சேர்ந்திசைப் பணிக்காகப் போன இடத்தில் அவர் மரணமடைந்தார். இந்த நூற்றாண்டில் ஏ.ஆர். ரகுமானின் கே.எம். இசைக் கல்லூரியைச் சார்ந்து ஏற்பட்ட சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா, வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிடில் முதலிய தந்தி வாத்தியங்களை மேல்நாட்டு முறையில் கற்பிக்கிறது. பிடில் அவர்கள் கையில் மறுபடியும் மோவாயின் கீழ் ஏறிவிட்டது. பாலுஸ்வாமி தீட்சிதர் முதன்முதலில் கண்ட கோலம் அது.

செம்பாக்கம் இப்போது தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. வேளச்சேரிச் சாலையை ஒட்டிய அடுக்குமாடி வீடுகளில் மாலை நேரத்தில் பிடில் பாடம் கேட்பது சாதாரணமாகிவிட்டது. ஆசிரியருக்கு மாதச் சம்பளம் கொடுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. அப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடங்கள், மூன்றாண்டுப் படிப்பு. வயலின் வகுப்பில் சேர ஏழாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். நாதசுரத்துக்கும் தவிலுக்கும் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். விதியை வகுத்தவர்கள் பரம்பரை மேளக்காரர் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிப் படிப்பின் பெயரால் வெளியே நிறுத்திவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடுதான் அப்படிச் செய்திருப்பார்கள். எனினும், எந்த வாத்தியம் எந்த வீட்டுக்கு உரியதென்று சமூகம் நெடுங்காலமாக நினைத்து வந்ததை அந்த இரண்டு வரிகள் அப்படியே காட்டிவிடுகின்றன. பறையும் பம்பையும் அந்த ஏழில் இல்லை. அண்மை ஆண்டுகளில் அரசின் கலை பண்பாட்டுத் துறை நாட்டுப்புறக் கலைகளுக்கென்று பகுதிநேரப் பயிற்சி மையங்களைத் திறந்து, பறையாட்டம் முதலியவற்றைக் கற்பித்துச் சான்றிதழும் வழங்குகிறது. ஆடிக்குப் பம்பை வாசிக்கப் போகிறவரிடம் அந்தச் சான்றிதழை எந்த ஊராரும் இதுவரை கேட்டதாகத் தெரியவில்லை.